நாற்பத்தைந்துக்குக் கீழே

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அன்யா என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். குளிர்கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி மாதத்து ஜெர்மன் குளிரை ஊரில் இருக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? மார்கழியில் நம் மலை மேல் விறைக்குமே, அதை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று பல் தந்தியடிக்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

அன்யா எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவள். ஆறுகளில் நட்டுவைத்திருக்கும் கருவிகள் அனுப்புகிற எண்களை வாங்கிச் சேமிக்கும் மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். நீர்மட்டத்துக்கான வரியை எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி, "குறைந்தபட்சம் எவ்வளவு என்று போடட்டும்? இதற்குக் கீழே வந்தால் ஏற்க வேண்டாம் என்று?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இந்த வாரத்தோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் மலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் என் தங்கச்சி அலமேலு வருஷத்துக்குப் படைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். லீவு கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம். அது ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், புரியும்.

பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவன் நான். அது ரொம்பத் தாராளமான மொழி. ஒரு ஆளைப் பற்றிய விவரங்களை அதில் வைக்கிறோம் என்றால், ‘எடை’ என்கிற பண்பில் ஐம்பத்தொன்று என்ற எண்ணையும் போடலாம், ‘பரவாயில்லை’ என்ற சொல்லையும் போடலாம். ஏன் என்று கேட்காது. அந்தத் தாராளம் எனக்கு ஆகாது. இரண்டாயிரத்து நாலு வாக்கில், யாரோ எழுதி எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்த ஒரு நிரல் நூலகம் கண்ணில் பட்டது. அதைக் கொண்டு ஒவ்வொரு பண்புக்கும் முன்கூட்டியே வரையறை எழுதிவிடலாம். இது எண், இது சொல், இது தேதி, இந்த எண் இதிலிருந்து இதற்குள் மட்டும் என்று. மீறி எதைப் போட்டாலும் அது ஏற்காது. அந்த நொடியே சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும்.

மாதக்கணக்கில் அதன்மேல் பைத்தியமாக இருந்தேன். "கண்ட கழுதையும் இனி உள்ள நுழைய முடியாது" என்று வீட்டில் பெருமை பேசினேன். "உங்க குணத்துக்கு ஏத்த சாமான்தான்" என்றாள் மனைவி. அவள் பாராட்டவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனி எனக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். இங்கே குப்பைத்தொட்டி வாங்கவும் படிவம் உண்டு. படிவத்தில் கட்டம் உண்டு. கட்டத்துக்குள் என்ன எழுதலாம் என்று ஓரத்தில் விளக்கமும் உண்டு. என் ஊர் மக்கள் அப்படி இல்லை. ஊருக்குப் போன் போட்டு எதைக் கேட்டாலும் "கெடக்குது போ" என்பார்கள். மழை எப்படி? கெடக்குது. கால்வலி எப்படி? கெடக்குது. ஐந்து வருஷம் இதைக் கேட்டுக் கேட்டுக் கடுப்பாகிப் போயிருந்தேன்.

அந்தக் கோடையில் அப்பாவுக்குச் சேலத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் கூட இருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "இப்ப அம்பத்தொண்ணு கிலோ இருக்காரு. வாரா வாரம் எடை பாருங்க. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது. போனா ஒரு நாளும் தாமதிக்காம இங்க கொண்டுவந்துடுங்க, பார்த்துக்கலாம்."

நான் ஜெர்மனிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு சின்ன நிரல் எழுதினேன். தேதி, எடை, சாப்பாட்டு வேளை என்று மூன்று பண்புகள். எடை ஒரு எண். நாற்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்துக்குள்.

போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் போக முடியாது என்று நான் எழுதிவைத்தேன். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய அப்பா சாக வேண்டியிருந்தது.

3

எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்தில் குப்பண்ணன் கடை. மிளகு, மரவள்ளிக் கிழங்கு, சீசனில் பலாப்பழம் எல்லாம் விலைக்கு எடுப்பார். அந்தப் பக்கத்தில் ஆள் ஏறி நிற்கிற மாதிரியான எடைமேடை அவரிடம்தான் இருந்தது. போனும் அவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு முற்பகல். அலமேலு அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவாள். நான் கூப்பிடுவேன். அப்பாவை மேடையில் ஏற்றுவார்கள். குப்பண்ணன் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், அலமேலு அதை எனக்குச் சொல்வாள், நான் தட்டுவேன்.

முதல் வாரம் ஐம்பத்துமூன்று. குதித்தேன். அரைமணி கழித்து அவளே மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, அப்பன் கொடுவாளை இடுப்புல சொருகிட்டே ஏறிட்டாருங்கண்ணா." இன்னொரு வாரம் கிழங்கு மூட்டை மேடையில் சாய்ந்திருந்ததில் நூற்றுநாலு வந்தது. என் நிரல் அதை ஏற்கவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை! "பாத்தியா, உங்க தப்பெல்லாம் இங்க செல்லாது" என்றேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்கும். "ஏனப்பா குப்பா, என்னை என்ன வெலைக்கு எடுத்துக்கறே?" குப்பண்ணன் விடமாட்டார். "ஈரம் காயட்டும் மாமா, அப்பறம் வெல சொல்றேன்."

குப்பண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையின் முள் அவர் பக்கம் பார்த்திருக்கும். மூட்டையை ஏற்றினால், முள் காட்டியதில் மூன்று கிலோ கழித்துத்தான் வாயால் சொல்வார். சாக்கு, ஈரம், தூசி எல்லாம் சேர்த்து அந்த மூன்று. ஊரில் யாரும் சண்டைக்குப் போனதில்லை. "குப்பன் தராசு மூணு திங்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஜெர்மனிக்கு வந்து மறந்துபோயிருந்தேன்.

ஐம்பத்தொன்று, ஐம்பது, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, கம்பமும் சாய்ந்து, இரண்டு ஞாயிறு போன் கிடைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு கிடைத்தது.

"அண்ணா, நாப்பத்திநாலுங்கண்ணா."

தட்டினேன். சிவப்பு எழுத்து. செல்லாத மதிப்பு.

அந்தச் சிவப்பு எழுத்து எதற்காக இருந்தது? இந்த ஒரு நாளுக்காகத்தான். பத்து வருஷம் நிரல் எழுதியவனுக்குப் பிழை என்று திரையில் வந்தால் முதலில் தோன்றுவது, கொடுத்தவன் தப்பாகக் கொடுத்துவிட்டான் என்பதுதான். எனக்கும் அதுதான் தோன்றியது.

"இருக்காது. திருப்பி நிறுத்து."

நிறுத்தினார்கள். "நாப்பத்திநாலேதாங்கண்ணா."

"எப்படி அலமேலு? மூணு வாரத்துல நாலு கிலோவா? மெஷின் எடுக்க மாட்டேங்குது. நாப்பத்தஞ்சுக்குக் கீழ இது எடுக்காது. ஒழுங்காப் பாத்துச் சொல்லத் தெரியாதா உனக்கு?" கத்தினேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் யாழினி எழுந்து வந்துவிட்டாள்.

பிறகு அப்பா சொன்னது தூரத்தில் கேட்டது. "குப்பன் தராசு மூணு திங்கும்னு ஊருக்கே தெரியும். மூணைச் சேத்துச் சொல்லு கண்ணு. அவன் கெடந்து கத்தறான்."

"நாப்பத்தேழுங்கண்ணா" என்றாள் அலமேலு.

தட்டினேன். ஏற்றுக்கொண்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

4

அடுத்த வாரம் நாற்பத்தாறு. அதற்கடுத்து நாற்பத்தைந்து. அதன் பிறகு ஐந்து வாரம், வாரம் தவறாமல் நாற்பத்தைந்து.

எண்ணைச் சொன்ன கையோடு அலமேலு கேட்பாள். "மெசினு எடுத்துக்கிச்சுங்களாண்ணா?"

"எடுத்துக்கிச்சு."

"சரிங்கண்ணா." அவள் மூச்சு விடுவது கேட்கும்.

ஒருமுறை எண்ணுக்குப் பதிலாக, "அண்ணா, அப்பனுக்குச் சோறு எறங்கறதில்லீங்க" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல எடையச் சொல்லு" என்றேன். சொன்னாள். நாற்பத்தைந்து. சோற்றுப் பேச்சு அதோடு நின்றுபோனது. அப்பாவிடம் கொடு என்று கேட்டால், தூங்குகிறார், தோட்டத்தில் இருக்கிறார் என்றாள். தோட்டத்தில் இருக்கிறார் என்றால் தெம்பாக இருக்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

எடைகளைக் கோடாக வரைந்து காட்டவும் என் நிரலுக்குத் தெரியும். யாழினிக்கு அப்போது எட்டு வயது. அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது ஜெர்மன்தான். தாத்தாவை ‘ஓபா’ என்பாள். அப்பா போனில், "கண்ணு, சோறு உண்டியா?" என்று கேட்டால் "யா" என்று ஒரு எழுத்தில் முடித்துவிட்டு ஓடிப்போவாள். அதற்காக அவளையும் திட்டியிருக்கிறேன். அந்தக் குழந்தை ஒரு ஞாயிறு என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"ஓபாவுக்கு ஏன் தினமும் ஒரே எடை?"

"தினமும் இல்ல, வாராவாரம். நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."

"நான் நல்லாத்தானே இருக்கேன். என் எடை மாறுதே" என்றாள் ஜெர்மனில். அவர்கள் பள்ளிக்கூடத்தில் எடை பார்ப்பதுண்டு.

எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது. நானோ, "போய்ப் பல் விளக்கு" என்று சொன்னேன்.

5

தை மாதம் ஒரு புதன்கிழமை அலுவலகத்துக்குப் போன் வந்தது. குப்பண்ணன். என் அலுவலக நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே வெளிநாட்டுக்குப் போட்டிருக்கிறார்.

"தம்பி, நாங் குப்பன். உங்கப்பனைக் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்துதான் பஸ் ஏத்துனாங்க. சேலம் போயிருக்காங்க. கௌம்பி வா சாமி."

கிளம்ப முடியவில்லை. விசா நீட்டிப்புக்காக என் பாஸ்போர்ட் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த முன்பதிவு பன்னிரண்டு நாள் கழித்து. வாசலில் நின்று சண்டை போட்டு உள்ளே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினாள். அவசரக் காரணத்துக்கு மூன்று கட்டங்கள். வேலை, திருமணம், மரணம். "என் அப்பா சாகவில்லை" என்றேன். "அப்படியானால் எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். அவள் குரலில் விரோதம் ஒன்றுமில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிய அதே குரல்தான்.

எனக்கு ஜெர்மன் தடுமாறிவிட்டது. ‘நோய் முற்றிவிட்டது’ என்பதற்குச் சொல் வரவில்லை. "என் அப்பா குறைந்துகொண்டே போகிறார்" என்று நம் ஊர்ப் பேச்சை அப்படியே சொல்லிவைத்தேன். அந்த அம்மாள் படிவத்தை ஓரமாக வைத்தாள். எந்தக் கட்டத்திலும் குறிக்காமல் எழுந்துபோய் என் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து கொடுத்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒரு நர்ஸ் எடை பார்த்து எழுதிவைத்திருந்தாள். முப்பத்தெட்டு.

நான் பையிலிருந்து என் அட்டவணையை எடுத்து டாக்டரிடம் காட்டினேன். அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், நம்புங்கள். "சார், போன ஞாயிறு நாப்பத்தஞ்சு. இதோ." அவர் அதை வாங்கிப் பார்த்தார். "கார்த்திகைல கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அலமேலுவைத் திரும்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ தெரியாது, அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கட்டிலிலிருந்து அப்பா பேசினார். அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"நாந்தான் மூணு சேக்கச் சொன்னேன். புள்ளைய ஒண்ணும் சொல்லாதே."

முப்பத்தெட்டும் மூன்றும் நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து எங்கிருந்து வந்தது? கணக்குப் போடத் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

6

காரியம் முடிந்த மறுநாள் குப்பண்ணன் கடைக்குப் போனேன். அவரிடம் சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே.

"உங்க தராசு மூணு திங்குதுங்களே, அதாலதான்" என்று ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த சாக்கை உதறி மடித்து வைத்தார். "ஏறு" என்றார். ஏறினேன். முள்ளை என் பக்கம் திருப்பிவைத்தார். எழுபத்திரண்டு. ஜெர்மனியில் என் குளியலறைத் தராசும் அதையேதான் காட்டும்.

"மேடை பொய் சொல்லாது தம்பி. நாந்தான் சொல்லுவேன். மூட்டைக்கு மூணு கழிப்பேன், அது யாவாரம். மனுசனுக்குக் கழிப்பனா? உங்கப்பனுக்கு நாப்பத்திநாலுன்னா நாப்பத்திநாலுதான். ரெண்டு தடவை நிறுத்திச் சொன்னனே."

அன்றைக்கு நான் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு அந்த நிரலைத் திறந்தேன். ஏற்காத மதிப்புகளை அது தனியாக ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அப்படி வைக்கச் சொன்னவனும் நான்தான், ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூன்றே வரிகள் இருந்தன. நூற்றுநாலு. நாற்பத்துநாலு. அதே நாளில் மறுபடியும் நாற்பத்துநாலு. அட்டவணையில் இருந்த கடைசி எட்டு வாரமும் பொய். தள்ளிவிட்ட கோப்பில் இருந்த இரண்டு வரி உண்மை.

7

அன்யாவிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். கீழ் எல்லையே வேண்டாம், எந்த எண் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள், சந்தேகமாக இருந்தால் நிறம் மாற்றிக் காட்டு, ஆளை அனுப்பி ஆற்றைப் பார்க்கச் சொல் என்றேன். "அப்படியானால் குப்பையும் வருமே? நிரலில் கண்டிப்பு வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே நீங்கள்தானே?" என்றாள். "வரட்டும்" என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. குழுத் தலைவரிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள். கேட்கட்டும். நிரலில் வரியை மாற்றுவது சுலபம். என் வாயை மாற்றுவதுதான் எப்படி என்று தெரியவில்லை. சனிக்கிழமைகூட யாழினியிடம், "தமிழ்ல சொன்னாத்தான் கேப்பேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டாள்.

இன்று ஞாயிறு. காலை ஏழு மணிக்கு ஊருக்குப் போட்டேன். அலமேலு குப்பண்ணன் கடையில் காத்திருந்தாள்.

"படைச்சாச்சுங்கண்ணா. எல்லாரும் வந்திருந்தாங்க. உங்களைத்தான் கேட்டாங்க."

ஒரு வருஷம் தள்ளிப்போட்டதைக் கேட்டேன். "அலமேலு, கடைசியா அஞ்சு வாரம் நாப்பத்தஞ்சுன்னியே. அப்ப அப்பனுக்கு என்ன எடை இருந்துச்சு?"

"தெரியாதுங்கண்ணா" என்றாள். "அப்பன் அப்ப கடைக்கே வர்றதில்லீங்க. நடக்க முடியல. நாப்பத்தஞ்சுக்குக் கீழ சொன்னா மெசினு எடுக்காதுன்னீங்க. அன்னிக்கு அப்படிக் கத்துனீங்க. அதான், எடுக்கறதைச் சொன்னேன்."

அவள் தானாகவே தொடர்ந்தாள்.

"சேலம் போலாம் வாங்கன்னு அப்பனைக் கூப்புடாம இல்லீங்கண்ணா. கூப்புட்டேன். ‘நாப்பத்தஞ்சு இருக்குதில்ல, உங்கண்ணன் மெசினே சரின்னுருச்சு, மலைப்பாதையில எழுபது வளைவும் எறங்கி என்னத்துக்குப் போறது’ன்னுட்டாரு. நாஞ் சொன்ன நெம்பரை எனக்கே திருப்பிச் சொன்னாருங்கண்ணா." அவள் அழுதாள். அப்பாவின் காரியத்தில்கூட என் எதிரே அவள் அழுது நான் பார்க்கவில்லை.

"தப்பு உன்னுது இல்ல. என்னுது" என்றேன். ஒரு வருஷமாக வைத்திருந்த வார்த்தை. சொல்லி முடித்த பிறகும் ஒன்றும் இலேசாகிவிடவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நீ எப்படி இருக்கே, அலமேலு?"

"நல்லா இருக்கேங்கண்ணா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாராவாரம் நாற்பத்தைந்து என்று சொன்ன குரல். முன்பெல்லாம் இந்த இடத்தில் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். இன்றைக்கு வைக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. சும்மா இருந்தேன். அந்தப் பக்கம் யாரோ மேடையில் மூட்டையைப் போடும் சத்தம் கேட்டது. குப்பண்ணன் ஒரு எண்ணைச் சொன்னார். பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது.

"அண்ணா" என்றாள்.

"சொல்லு."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"